வாகுகன் முகம்

திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சிக்கு வந்து நளதீர்த்தத்தில் தலை முழுகுகிறவர்களுக்கு நளன் கதை சனி விட்ட கதை. எனக்கோ அது முகத்தை இழந்த ஒரு மனிதனின் கதையாகப் படுகிறது. கார்க்கோடகன் தீண்டி உருமாறிய நளன், வாகுகன் என்ற பெயரோடு அயோத்தி அரசனுக்குத் தேரோட்டுகிறான். பிறர் கண்ணுக்கு அந்த முகம் விகாரம். அவனுக்கு?

வைத்திய உலகம் இந்தக் கேள்வியை வெகு காலம் கேட்கவே இல்லை. 1794-ல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மாகஸி'னில் வந்த கடிதத்தைப் பாருங்கள். ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டிய காவஸ்ஜியின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். ஓராண்டு அப்படியே இருந்தான். பிறகு புனா பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்தார். மெழுகுத் தகட்டில் மாதிரி செய்து அளவெடுத்தது வரை விவரம் இருக்கிறது. கடைசியில் தீர்ப்பு: புது மூக்கு ஏறக்குறைய இயற்கை மூக்குப் போலவே தெரிகிறதாம். அது பார்த்தவரின் தீர்ப்பு. காவஸ்ஜி என்ன நினைத்தான் என்று ஒரு வரி கிடையாது. கதாநாயகனை இப்படி ஊமையாக்கி நான் கதை எழுதினால் எந்தப் பத்திரிகாசிரியர் போடுவார்?

2000-ல் ராம்சே அல்சராப் என்ற டாக்டர் மூக்குச் சிகிச்சைக்கு ஆறு கேள்விகள் வகுத்தார். மூக்கு பிடித்திருக்கிறதா, மூச்சு நன்றாக வருகிறதா என்று நோயாளியையே கேட்பது. மொத்தம் 24 மார்க்; அதை நூற்றுக்குக் கணக்கிடுவார்கள். 2010-ஐ ஒட்டி வந்த 'பேஸ்-க்யூ' இன்னும் நுட்பமானது. நோயாளிகளிடம் பேசிப் பேசி உருவாக்கியது. காலையில் எழுந்ததும் முகம் எப்படி, பளிச்சென்ற வெளிச்சத்தில் எப்படி, போட்டோவில் எப்படி? நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டிய கேள்விகள்!

அல்சராப்பின் ஒரு கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. உன் வேண்டியவர்களுக்கு இந்த மூக்கு பிடித்திருப்பதாக நினைக்கிறாயா என்பது. பதில் சொல்வது நோயாளியின் ஊகம். தமயந்தியை யார் கேட்டார்கள்? சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளன் முகத்தோடே வந்தார்கள், அவள் ஏமாறவில்லை. பிறகு அந்நிய முகத்தோடு நளனே வந்தான். சமையலிலும், குழந்தைகளைக் கண்டு அவன் கலங்கியதிலும் அடையாளம் கண்டுகொண்டாள். நளன் மட்டும் அயோத்தியில் இந்தத் தாளை நிரப்பியிருந்தால், ஒளிந்து வாழ்கிறவனுக்கு இந்த முகமே சௌகரியம் என்று நல்ல மார்க் போட்டிருப்பான். நாகம் தந்த ஆடையை அவன் உடுத்தவில்லையே! மார்க் பொய்யல்ல, ஆனால் பின்னால் இருக்கும் கதை தெரியாமல் அதை எப்படிப் படிப்பது? சினிமா நட்சத்திரத்தின் மூக்கை விரும்பியவளுக்கும் அமிலம் பட்டு வெந்தவளுக்கும் அறுபது மார்க் என்பது ஒரே அறுபதா? ஆளோடு ஆளை ஒப்பிடுவதைவிட, அதே ஆளிடம் முன்னும் பின்னும் கேட்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

'பேஸ்-க்யூ' தருவது நான்கு கட்டங்கள்: மிகவும் அதிருப்தி, கொஞ்சம் அதிருப்தி, கொஞ்சம் திருப்தி, மிகவும் திருப்தி. எங்கள் காரைக்கால் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டால், "இருக்கட்டும், இதுக்கு என்ன கொறச்சல்?" என்பாள். அந்தக் குரலில் திருப்தியும் இருக்கும், அழுகையும் இருக்கும். தமிழில் இந்தத் தாளைக் கொடுக்கிறவர் அதை எந்தக் கட்டத்தில் குறிப்பாரோ!