கலை காத்தலும் வழிபாடு காத்தலும்

திருவுருவம், திருக்கோயில், இசை, கூத்து என்னும் இவை சைவ நூல்களுள் வழிபாட்டின் உறுப்புக்களாக வைத்து ஓதப்படுவன. இக்காலத்து அறிஞரோ இவற்றைக் கலையென ஒரு பெயரால் தொகுத்து ஆராய்கின்றனர். இவ்விரு நோக்கும் தம்முள் இயையுமோ முரணுமோ என்பதனைத் தில்லியிலுள்ள இந்திராகாந்தி தேசியக் கலை மையத்தின் பதிப்புக்கள் சிலவற்றை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

இம்மையம் 1985ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்றது. தொடக்கத்தில் இதனை நெறிப்படுத்தியவர் கபிலா வாத்ஸ்யாயன் அம்மையார். நூல்களையும் சுவடிப் படிகளையும் தொகுப்பது கலாநிதி. மூலநூல்களை ஆராய்ந்து பதிப்பிப்பது கலாகோசம். நாட்டுப்புற வழக்குக்களை ஆராய்வது ஜனபத சம்பதா. இப்பகுப்பு முறையுடையதே. கலையை அதன் நூலோடும், நூலை அதனை வழங்கும் மக்களோடும் சேர்த்துக் காண்டல் வேண்டும் என்னுங் கருத்து இதனாற் போதரும்.

கலாகோசத்தின் பணிகளுள் முதற்கண் ஆராயத்தக்கது கலாதத்துவகோசம் என்னும் சொற்பொருட் களஞ்சியம். 1988இல் வெளிவந்த அதன் முதற்றொகுதி பிரமம், புருடன், ஆன்மா, சரீரம், பிராணன், பீஜம், இலக்கணம், சிற்பம் என்னும் எட்டுச் சொற்களை விரித்துரைக்கின்றது. சிற்பத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் ஆன்மாவைப் பற்றி முன்னர்ப் பேசவேண்டும் என்று கொண்டது பெரிதும் பாராட்டத்தக்கது. ஆயினும், அவ்வெட்டனுள் பாசத்திற்குத் தலைச்சொல் இல்லை. இது சிறு குறையன்று. இறைவன் திருமேனி கொள்ளுதல் மலத்தாற் கட்டுண்ட உயிரை உய்வித்தற் பொருட்டு என்பது சித்தாந்தம். மலத்தை ஒழித்துவிட்டு உருவத்திற்குக் காரணங் கூறப்புகின், பிரமமே உருவாய் விரிந்தது என்னும் ஏகான்மவாதத்தின்கண் அது சென்று முடியும். திருவுருவம் அருட்குறியாதல் ஆண்டுப் புலப்படாது.

அற்றேல், மையத்தார் சித்தாந்தத்தைப் புறக்கணித்தாரோ எனின், அற்றன்று. 1994இல் அவர் வெளியிட்ட சுவாயம்புவ சூத்திர சங்கிரகத்தின் வித்தியாபாதம், சத்தியோஜோதி சிவாசாரியார் உரையோடு பியேர்-சில்வேன் ஃபிலியோசா அவர்களாற் பதிப்பிக்கப்பெற்றது. சுவாயம்புவம் ஆகமம் இருபத்தெட்டனுள் ஒன்று. பசு, பாசம், பதியின் அருள் ஆகிய பொருள்களை ஆராயும் இவ்வித்தியாபாதத்தைக் கலைமூல நூல் வரிசையிற் சேர்த்தமை மேலே கூறிய குறையை ஒருவாறு நிறைப்பதாம். அவ்வாண்டிலேயே அவ்வரிசையில் வந்த மயமதம், புரூனோ தாகான்ஸ் அவர்கள் பதிப்பித்தது, மனையும் கோயிலும் படிமமும் அமைக்கும் முறைகளை 36 அதிகாரங்களாற் கூறும். இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்துக் கற்பார்க்குக் கோயிலின் அளவும் அதன் பயனும் ஒருசேர விளங்கும். ஆனால் மூலம் வடமொழி, பெயர்ப்போ ஆங்கிலம். கடத்தூர் போன்ற ஊர்களிற் கோயிற்பணி செய்வோர்க்கும், உளியெடுத்துத் தொழில் செய்யும் சிற்பியர்க்கும் இவை எட்டாக்கனியே. தமிழ்ப் பெயர்ப்பும் குறிப்புரையும் உடன்வரின் அன்றோ பயன் முற்றும்?

தஞ்சைப் பெருவுடையார் கோயிலைப் பியேர் பிஷார் அவர்கள் அளந்து வரைந்த கட்டடக்கலை ஆராய்ச்சி, 1995இல் பிரெஞ்சு ஆய்வு நிலையம் ஒன்றுடன் கூடி இம்மையத்தார் வெளியிட்டது. உழைப்பாற் சிறந்த நூல் அது. ஆயினும், அக்கோயிலைக் கட்டிய இராசராசனே அங்குத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பாடுவார் 48 பேரையும், உடுக்கையும் மத்தளமும் வாசிப்பார் இருவரையும் அமைத்தமை கல்வெட்டிற் காணப்படுகின்றது. விமானத்தின் மேனிலைச் சுவரிற் கரணங்கள் 81 செதுக்கப்பட்டுள்ளன. கல்லை அளத்தல் எளிது. பண்ணை அளத்தல் அரிது. ஓதுவார் மரபிற் பண்ணிசையைப் பதிந்து வைத்தலும் இத்தகைய நிலையத்தின் கடமை என்க.

கடத்தூரைச் சூழ்ந்த தகடூர் நாட்டினின்றும் ஒரு சான்று காட்டுவாம். இந்நிலப்பகுதியிற் பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் பலவுள. ஆராய்ச்சியாளர்க்கு இவை வரலாற்றுச் சான்று. ஊரார்க்கோ இவற்றுட் பல வேடியப்பன் என்னுந் தெய்வம். கல்லைப் பெயர்த்துக் காட்சிச்சாலையில் வைத்தால் எழுத்து உய்யும், பொங்கலும் படையலும் ஒழியும். வழிபாட்டில் விட்டுவைத்தால் வழக்கு உய்யும். ஆயின், எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்து மறையும். ஆதலின், எழுத்தைப் படியெடுத்துக்கொண்டு, கல்லை அதன் இடத்தே நிறுத்தி, வழிபடுவோர்க்கு அதன் பெருமையை அறிவித்தலே இரண்டனையும் காக்கும் நெறியாம்.

நிற்க. நாம் பிறரைக் குறைகூறுமுன் நம் நிலையையும் நோக்குதல் வேண்டும். ஆகமச் சுவடிகள் நம் இல்லங்களிற் செல்லரித்துக் கிடந்த காலத்து, 1955இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் அவற்றைத் தொகுத்தனர். என். ஆர். பட் அவர்கள் 1961 முதல் ரௌரவம், மிருகேந்திரம், அசிதம் முதலியவற்றை ஆண்டிருந்து பதிப்பித்தார். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தொகுத்தலும் பதிப்பித்தலும் பிறர் செய்தனர். ஓதுதலும் ஒழுகுதலும் பிறர் செய்தல் இயலாது. தேசிய நிலையம் ஏட்டைக் காக்கட்டும். அவ்வேட்டின் பொருளைத் தமிழிற் கற்று, கோயிலில் வழக்கொழியாமற் காத்தல் சைவர் கடன்.