குழாய் ஒலிவாங்கியும் மூலக் குரலும்: ஒரு மதிப்பீடு

ஒலிப்பதிவுத் துறையில் வெற்றிடக் குழாய் அமைந்த கண்டென்சர் ஒலிவாங்கிகளுக்குத் தனிமதிப்பு உண்டு. குறிப்பாக, பேர்லின் நகரத்து நொய்மன் நிறுவனம் 1949 இல் வெளியிட்ட யூ 47 குரற்பதிவின் உரைகல்லாகவே போற்றப்படுகின்றது. அதன் இனிமைக்குக் குழாயே காரணம் என்பதும், அத்தகைய பழைய கருவி கைக்கு வந்தால் அக்காலத்து ஒலியும் கூடவே வரும் என்பதும் பரவலான கருத்துக்களாகும். இவை எத்துணை பொருந்துவன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் குழாயின் தொழிலை நோக்குவோம். கண்டென்சர் ஒலிவாங்கியில், நிலையான உலோகத் தட்டொன்றின் முன் மிக மெல்லிய மென்றகடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒலியலை பட்டு மென்றகடு அசைய, இரண்டிற்கும் இடையிலான கொள்ளளவம் மாறி மின் சமிக்ஞை பிறக்கும். இக்கொள்ளளவம் 50 பிக்கோபரட் எனக் கொண்டால், 50 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதன் தடங்கல் ஏறத்தாழ 64 மெகாஓம் ஆகும். இத்தகைய சமிக்ஞையை நீண்ட வடத்தின் வழியே நேரே அனுப்பின் அது மழுங்கிவிடும். மென்றகட்டின் அருகிலேயே அதனைப் பெற்று, வடத்திற் செல்லத்தக்கதாக மாற்றித் தருதலே குழாயின் பணி. யூ 47 தோன்றிய காலத்தில் இப்பணிக்கு வேறு தக்க உறுப்பு இருக்கவில்லை. தெலிபுங்கன் நிறுவனத்தின் வீ.எப். 14 குழாய்களுள் இரைச்சல் குறைந்தவையே இதற்கெனப் பொறுக்கி எடுக்கப்பட்டன. 1967 இல் வெளிவந்த யூ 87 இல் அதே பணியைத் திரான்சிற்றர் ஏற்றது. ஆகவே, குழாயை அங்கு வைத்தது இன்றியமையாமையே எனலாம்.

எனினும், ஒலியிற் குழாய்க்குப் பங்கே இல்லை எனத் துணிதலும் பிழையாகும். வலிய ஒலி எய்தும்போது அது மூல மீடிறனின் இருமடங்கான தொனி முதலியவற்றைச் சிறிது சேர்க்கும். ஆயினும், யூ 47 இன் தனித்தன்மையில் மென்றகட்டுத் தொகுதி, நிலைமாற்றி, கம்பிவலைத் தலை ஆகியவற்றின் பங்கும் கணிக்கப்பட வேண்டும். மேலும், அருகில் நின்று பாடும்போது தாழ்ந்த மீடிறன்கள் மிகுந்து ஒலித்தல், ஒருபுறத்து ஒலியையே சிறப்பாக ஏற்கும் ஒலிவாங்கிகளுக்குப் பொதுவான இயல்பாகும். அவ்வியல்பையும் குழாயின் கொடையாகக் கொள்வோர் உளர்.

இரண்டாவது கருத்து இன்னும் ஐயத்துக்குரியது. முதற் கருவிகளில் அமைந்த எம் 7 தொகுதியின் மென்றகடு பொன் பூசிய பீ.வீ.சீ. யினால் ஆனது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகித் தன் இயல்பு திரியும். வீ.எப். 14 இன் உற்பத்தியும் 1950களின் இறுதியில் நின்றுபோனது. எனவே, பழைய கருவிகள் பல மென்றகடோ குழாயோ மாற்றப்பட்ட நிலையிலேயே இன்று வழங்குகின்றன. ஒரே பெயர் பூண்ட இரு கருவிகள் ஒரே குரலை இருவேறாகத் தருதல் வியப்பன்று. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய நமக்கு இந்நிலை புதியதுமன்று. பழைமை ஒன்றினாலேயே ஒரு பிரதியின் பாடம் மூலபாடம் ஆகிவிடாது. செல்லரித்த இடங்களையும் பிற்காலத்துக் கைகளையும் இனங்கண்ட பின்னரே அதனை மதிப்பிடல் தகும். ஒலிவாங்கிக்கும் இந்நெறியே பொருந்தும்.

இதனால் பெறப்படுவது யாது? பழைய பதிவொன்றில் நாம் கேட்பது பாடகரின் குரலும், அக்குரலுக்கு ஒலிவாங்கி வகுத்த உரையும் சேர்ந்த ஒன்றாகும். இதனை உணராத இசைத் திறனாய்வு, பாடகர்க்குரிய புகழைக் கருவிக்கும் கருவிக்குரியதைப் பாடகர்க்கும் மாற்றி வழங்கிவிடும். மூலமும் உரையும் மயங்கும்போது இழப்பு மூலத்துக்கே. குழாய் ஒலிவாங்கிகள் இன்றும் பயன்கொள்ளத்தக்கனவே. ஆயின், ஒன்றின் தகுதியை அதன் பெயரும் விலையும் கொண்டு துணியாது, பதிவு செய்யப்படும் குரலை அதன்முன் நிறுத்திச் செவியால் ஓர்ந்து துணிதலே முறையாகும்.