பளபளப்புக்குள் ஒரு கோடு

கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்று இருக்கிறது. ஹோட்டல் சமையலறைக்கான மேசை, சிங்க், தட்டு அலமாரி என்று எல்லாம் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை. முன்பெல்லாம் தெருமுனையிலேயே பஃபிங் சக்கரத்தின் இரைச்சல் கேட்கும். ஆர்கான் வெல்டிங் வைக்க ஒருவர் என்றால், வைத்த இடத்தில் நீலமும் பழுப்புமாகப் படியும் சூட்டுக் கறையைத் தேய்த்துப் போக்கி மெருகேற்ற இரண்டு பேர். இப்போது அந்த இரைச்சல் பாதி அடங்கிவிட்டது. 1500 வாட் கைப்பிடி லேசர் வெல்டிங் மிஷின் வந்த பிறகு நடந்த மாற்றம் இது.

அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 1.2 மில்லிமீட்டர் ஷீட்டில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆர்கான் ஓட்ட நல்ல கைக்கே ஏழெட்டு நிமிடம் ஆகும். அதற்குள் சூடு பரவி ஷீட் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதைத் தட்டி நேராக்குவது தனி வேலை. லேசரில் அதே நீளம் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிகிறது, நெளிவும் வெகு குறைவு. பத்து வருடம் பஃபிங் தூசியைச் சுவாசித்த ஒருவர் இன்று அங்கே அசெம்பிளியில் நிற்கிறார். அவருடைய நுரையீரலுக்குக் கிடைத்த லாபத்தைக் கணக்கில் சேர்க்காமல் இந்தத் தொழில்நுட்பத்தை எடைபோடுவது நியாயமாகாது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வெல்டிங் தரம் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், ஒரு ஜாயிண்ட் அழகாக இருந்தால் உடனே நம்பிவிடக் கூடாது என்பது எனக்குப் பழகிய பாடம். லேசர் வெல்டிங்கைப் பொறுத்தவரை அந்தப் பாடத்தை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்கானில் மோசமான வேலை பெரும்பாலும் பார்த்தாலே தெரிந்துவிடும். லேசரில் மோசமான வேலையும் மீன் செதில் அடுக்கியது போல வரிவரியாக, பளிச்சென்று இருக்கும்.

காரணம் கதிரின் இயல்பிலேயே இருக்கிறது. ஆர்கான் வெல்டிங்கில் ஆர்க்கின் சூடு அடுப்புத் தீ மாதிரி சுற்றிலும் பரவும். லேசர் ஊசி மாதிரி குத்தும். கண்ணாடி இழையின் வழியாக வரும் ஒளி, 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள ஒரு புள்ளியில் குவிகிறது. அங்கே ஆற்றலின் செறிவு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வாட்டைத் தாண்டும்போது உலோகம் உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிறது. அந்த ஆவி உருகிய உலோகத்தை ஒதுக்கி ஒரு நுண்துளையைத் திறக்க, ஒளி அதன் சுவர்களில் மோதி மோதி ஆழத்துக்கு இறங்குகிறது. குறைந்த சூட்டில் ஆழமான, ஒல்லியான தையல் கிடைப்பது இதனால்தான். ஒல்லியாக இருப்பதே ஆபத்தும்கூட. இணைக்க வேண்டிய கோட்டை விட்டுக் கதிர் அரை மில்லிமீட்டர் விலகினால், அது பக்கத்துத் தகட்டை மட்டும் அழகாக உருக்கிவிட்டுப் போய்விடும்.

வேறொரு இடத்தில் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். எடை தாங்க வேண்டிய பிராக்கெட். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் மேல் இன்னொரு தகட்டை நிமிர்த்தி நிறுத்தி லேசரில் வெல்டிங் வைத்திருந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றை அறுத்துப் பார்க்கலாம் என்றேன். ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்து, அரத்தால் சமன் செய்து, எமரி தாளில் முரட்டிலிருந்து நைசு வரை ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். ஸ்பிரிட்டில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பஞ்சில் தொட்டுத் தடவியதும், சில நொடிகளில் உருகி உறைந்த பகுதி மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. அது அடித்தகட்டின் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு தகடுகளும் சந்திக்கும் இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு முக்கால்வாசித் தூரம் அப்படியே இருந்தது. அங்கே உலோகம் உருகவே இல்லை. மேலே ஓடிய ஃபில்லர் ஒயர் உருகி, அந்த இடைவெளிக்குப் போர்வை போர்த்திவிட்டிருந்தது. இன்னொரு பிராக்கெட்டை வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒரே அடி அடித்தோம்; தபால் உறை மாதிரி வாய் பிளந்தது.

அந்த வெல்டிங்கை வைத்த பையன் என்னைப் பார்த்து, "சார், வெளியே நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. பத்து நாளில் யாரும் பழகிவிடலாம் என்று சொல்லித்தான் மிஷினை விற்றிருந்தார்கள். பிடியைப் பிடித்து நேராக இழுப்பதைப் பத்து நாளில் பழகலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆர்கான் வெல்டர் ராடைக் கொடுப்பதற்கு முன்னால், இரண்டு விளிம்பும் உருகி ஒன்றோடொன்று சேர்வதைக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கிறார். சேரவில்லையென்றால் அவர் கை தானாக நிற்கும். அந்தப் பார்வை வர வருடங்கள் ஆகும். லேசரின் வேகத்தில், நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நகரும் கையில், அப்படிப் பார்த்து நிறுத்த அவகாசமே கிடையாது.

இன்னொன்று, தகடுகள் பொருந்தும் சங்கதி. இடைவெளி ஷீட்டின் கனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது லேசர் வெல்டிங்கில் பொதுவான கணக்கு. 1.2 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு அது வெறும் 0.12. கதிரை இடவலமாக ஆட்டும் தலைகளும் ஃபில்லர் ஒயரும் அதைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். கை ஷியரில் வெட்டி, பழைய பெண்டிங் மிஷினில் மடக்கும் பட்டறையில் அரை மில்லிமீட்டர் இடைவெளி சாதாரணம். ஆர்கான்காரர் அதை ராடு கொடுத்து நிரப்பிவிடுவார். ஆக, வெல்டிங்கில் மிச்சப்படுத்தும் நேரத்தில் ஒரு பகுதியை வெட்டுவதிலும் மடக்குவதிலும் துல்லியத்துக்காகத் திருப்பிச் செலவழிக்க வேண்டும். மிஷின் வாங்குகிறவர்களிடம் இதை முதலிலேயே யாரும் சொல்வதில்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் வேறு தொல்லை: துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும், இரும்பு உருக 1500 டிகிரி வரை வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி வைத்த இரண்டு ஷீட்டுக்கு நடுவில் மாட்டிய துத்தநாக ஆவி, வெளியேற வழியின்றி உருகிய இரும்பையே பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்.

கண் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான பயம். ஆர்க் வெளிச்சம் கண்ணில் பட்டுவிட்டால் இரவெல்லாம் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டு படுப்பார்கள், ஓரிரு நாளில் சரியாகிவிடும். அது புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலை எரிப்பதால் வருவது, ஆறிவிடும். 'வெல்டிங் அடிச்சா ரெண்டு நாள்ல போயிடும்' என்று பட்டறைகளில் இருக்கும் நம்பிக்கை இந்த அனுபவத்திலிருந்து வந்தது. லேசருக்கு அது துளியும் பொருந்தாது. இந்த மிஷின்களின் ஒளி 1070 முதல் 1080 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. தெரியாததால் இமை மூடாது. கருவிழியைக் கடந்து உள்ளே போகும் கதிரைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஒரு லட்சம் மடங்கு வரை செறிவாக்கிக் குவிக்கிறது. விழித்திரைக்கு வலி உணர்வு இல்லை. எரிந்த இடம் திரும்ப வளராது. நேர்க்கதிர்தான் பட வேண்டும் என்றில்லை, மெருகேற்றிய எஸ்.எஸ். ஷீட்டில் பட்டுத் தெறிக்கும் பகுதியே போதும். ஆபத்தின் வரிசையில் இந்த மிஷின்கள் 4ஆம் வகுப்பு, அதாவது கடைசி வகுப்பு. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். ஓ.டி. 6 என்று அதில் எழுதியிருந்தால், பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே விடும் என்று பொருள்.

வெல்டிங் வைப்பவர் எப்படியோ கண்ணாடி போட்டுக்கொள்கிறார். பக்கத்தில் டிரில் போடுகிறவர்? டீ கொண்டு வரும் பையன்? வழக்கமான பச்சை வெல்டிங் திரை இந்தக் கதிரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. முனை வேலைப்பொருளைத் தொட்டால்தான் கதிர் வரும்படி ஒரு கிளிப் சுற்று வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் மேசையே இரும்பாக இருந்தால் எங்கே தொட்டாலும் சுற்று முழுமையாகிவிடும். அவசரத்துக்கு அந்தச் சுற்றையே ஒயர் போட்டு நிரந்தரமாக இணைத்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கேயே மிஷினை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். மறுபடியும் போடுவேன்.

மேற்பரப்பு வேலைக்கு வந்தால் என் மனம் லேசரின் பக்கம் இன்னும் அதிகமாகச் சாய்கிறது. துரு, பெயிண்ட் எடுக்க மணலைப் பீய்ச்சும் முறை சிலிக்கா தூசியால் நுரையீரலைக் கல்லாக்கக்கூடியது. பிரிட்டன் வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சுவதை 1949லேயே தடை செய்துவிட்டது. எஸ்.எஸ். வெல்டிங் கறையைப் போக்கத் தடவும் பிக்ளிங் பேஸ்டில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் இருக்கிறது. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை அரிக்கக்கூடியது. துடிப்பு லேசர் இந்த இரண்டுக்கும் மாற்றாக நிற்கிறது. நானோநொடித் துடிப்புகள் துருவை ஆவியாக்கி உதிர்த்துவிடுகின்றன. அடியில் உள்ள இரும்புக்குச் சூடேற நேரம் கிடைப்பதில்லை. ஆனால் இதைப் புகையில்லா முறை என்று விற்பது சரியல்ல. பெயிண்டில் ஈயம் இருந்தால் புகையிலும் ஈயம் இருக்கும், உறிஞ்சி வடிகட்டும் குழாய் முனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. லேசரில் வைத்தாலும் எஸ்.எஸ். புகையில் குரோமியம் இருக்கத்தான் செய்யும்.

இங்கேயும் பளபளப்பு ஏமாற்றும். எஸ்.எஸ். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம். மேலே சில நானோமீட்டர் கனத்தில் அது கட்டும் படலம்தான் துருவைத் தடுக்கிறது. வெல்டிங் சூட்டில் கறைக்கு அடியில் குரோமியம் குறைந்த ஓர் அடுக்கு உருவாகிவிடும். லேசர் கறையின் நிறத்தை எடுத்துவிட்டாலும் அந்த அடுக்கு தங்கியிருக்கலாம். புளியும் உப்பும் நாள் முழுக்கப் படும் சிங்க்கில், தையலை ஒட்டி மெல்லிய பழுப்புக் கோடு ஓடுவதை ஹோட்டல்காரர்கள் சில மாதத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

லேசர் மேற்பரப்பு வேலைகளில் உச்சம் என்று நான் நினைப்பது விமான எஞ்சின் விசிறிகளுக்குச் செய்யும் அதிர்வலை முறை. பி-1பி குண்டுவீச்சு விமானத்தின் எஃப்101 எஞ்சினில், கல்லோ பறவையோ பட்டு விசிறியின் விளிம்பில் சிறு வெட்டு விழுந்தால், அங்கிருந்து விரிசல் ஓடியது. அதைத் தடுக்க 1990களில் லேசர் துடிப்பால் உலோகத்தை அறைந்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரை அமுக்கத்தைப் பதித்தார்கள். சிறு உலோகக் குண்டுகளை வீசி அடிக்கும் வழக்கமான முறையில் அது பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. அந்த ஒளிக்கற்றையை ஒரு கையும் பிடித்து ஆட்டவில்லை. விசிறிகளை உடையும் வரை ஆட்டிப் பார்த்துத்தான் முறையை ஏற்றுக்கொண்டார்கள். சிறு பட்டறைக்கு அந்தச் செலவு முடியாது. ஆனால் ஹேக்ஸா பிளேடும் எமரி தாளும் எல்லோரிடமும் இருக்கின்றன.

கணபதி பட்டறைக்காரர் இப்போது மிஷினைச் சுற்றித் தகரத்தால் ஒரு அறை கட்டி, கதவைத் திறந்தால் கதிர் அணையும்படி சுவிட்ச் வைத்திருக்கிறார். சனிக்கிழமை சாயந்திரம் அந்த வாரத் துண்டுகளில் ஒன்றை அறுத்து, தேய்த்து, தேதி எழுதி ஜன்னல் விளிம்பில் அடுக்குகிறார். மேசையின் மேல்தட்டும் சிங்க் தொட்டியும் லேசரில். "கால் வைக்கிற பிராக்கெட் மட்டும் ஆர்கான்தானுங்க" என்றார். அவருடைய பழைய ஆர்கான்காரர் மூலையில் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்திருந்தார்.