தீர்ப்புக்குப் பின் எழுதுகிறவர்கள்

1965இல் ஹைடல்பர்கைச் சேர்ந்த டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கையில் இருந்தால் நாடாளுமன்றம் அரசமைப்பை எப்படி வேண்டுமானாலும் திருத்திவிடலாமா என்பதுதான் பொருள். அவர் கேட்டவை விபரீதமான கேள்விகள். முதல் உறுப்பைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாகப் பிரிக்கலாமா? உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் காப்பான 21ஆம் உறுப்பை அடியோடு எடுத்துவிடலாமா? தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது; முதல் கேள்வி வெறும் கற்பனையாகக் கேட்டிருக்காது.

1967இல் கோலக்நாத் வழக்கில் வழக்கறிஞர் எம். கே. நம்பியார் இந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். நீதிமன்றம் அதற்குள் இறங்கவில்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்து, எந்தத் திருத்தமும் அரசமைப்பின் ஆதாரத் தன்மையைச் சிதைக்கக் கூடாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை ஏற்றார்கள். நீதிபதி எச். ஆர். கன்னா தன் தீர்ப்பில் கான்ராட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். இந்தியாவில் நீதிமன்றங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நின்று பிழைத்தவை பெரும்பாலும் இந்த வகைதான். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதை அவை பேசவில்லை. நீதிமன்றம் கேட்டுக்கொள்ளாமல் விட்ட கேள்வியைக் கேட்டன.

இந்த மரபில் சென்னைக்குப் பழைய பங்கு உண்டு. மயிலாப்பூர் வக்கீல்கள் சனிக்கிழமைதோறும் கூடித் தீர்ப்புகளை அலசிய பழக்கத்திலிருந்துதான் 1891இல் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்தது. வெள்ளைக்கார நீதிபதிகள் கோலோச்சிய காலத்திலேயே அவர்களுடைய தீர்ப்புகளில் சட்டப் பிழை எங்கே என்று இந்திய வக்கீல்கள் அச்சில் எழுதினார்கள்.

ஆனால் ஒரே ஓர் எழுத்தைப் படித்தால் போதும் என்றால், நான் 1979 செப்டம்பரில் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலைத்தான் காட்டுவேன். உபேந்திர பக்ஷி, லத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகியோர் கையொப்பமிட்டது. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில், 1972இல், காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமி வன்கொடுமைக்கு ஆளானார். உயர் நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடலில் காயம் இல்லை, கூச்சலிட்டதற்குச் சான்று இல்லை, ஆகவே இணங்கியிருக்கிறார் என்பதே காரணம்.

மடலின் பலம் அதன் கோபத்தில் இல்லை. இரவு நேரம், காவல் நிலையம், உடன் வந்தவர்கள் வெளியே அனுப்பப்பட்டது, கதவு தாழிடப்பட்டது என்று வழக்கின் சங்கதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. இவற்றிலிருந்து அடங்கிப்போனது மட்டும்தான் நிரூபணமாகிறது, சம்மதம் அல்ல என்று காட்டுகிறது. இந்த வேறுபாடு ஏற்கெனவே சட்டத்தில் இருந்ததுதான். தீர்ப்பு அதைத் தவறவிட்டிருந்தது. மடலைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்கொடுமைக்குத் தனிப் பிரிவுகள் வந்தன. அத்தகைய வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அவர் சொல்லை ஏற்றே தொடங்க வேண்டும் என்ற 114ஏ பிரிவு சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது.

இப்படி எழுதுவதற்குத் துணிச்சலும் வேண்டும். நீதித்துறையை வர்க்க ஆட்சியின் கருவி என்று பேசியதற்காக கேரள முதல்வராக இருந்த இ. எம். எஸ். நம்பூதிரிபாடுக்கு விதிக்கப்பட்ட நீதிமன்ற அவமதிப்புத் தண்டனையை 1970இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அபராதத்தை ஐம்பது ரூபாயாகக் குறைத்ததோடு, அவருக்கு மார்க்ஸ் சரியாகப் புரியவில்லை என்றும் நீதிபதிகள் விளக்கினார்கள்! 2020இல் இதே குற்றத்துக்காக வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு ஒரு ரூபாய் அபராதம். முடிந்த வழக்கின் தகுதி குறித்த நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. நியாயமானது எது என்பதையும் நீதிமன்றமே தீர்மானிக்கும் என்பதுதான் சங்கடம்.

இன்றைக்குப் பஞ்சம் துணிச்சலுக்கு இல்லை, பொறுமைக்குத்தான். 2021 ஏப்ரலில், கொரோனாப் பரவலுக்காகத் தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்த வாய்மொழிக் கருத்து நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. விசாரணையில் பேசப்படுவதைச் செய்தியாக்கத் தடையில்லை, ஆனால் அது உத்தரவின் பகுதி ஆகாது என்று அங்கே பதில் கிடைத்தது. 2022 செப்டம்பரிலிருந்து அரசமைப்பு அமர்வுகள் நேரலையாகின்றன. தீர்ப்பு வரும் முன்பே, விசாரணையில் ஒரு நீதிபதி கேட்ட கேள்வியை வைத்து முடிவை எழுதிவிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

ஆளுநர் வழக்கு இதற்கு நல்ல உரைகல். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், ஆளுநர் ஒப்புதல் தராத தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்பும் வகுத்தார்கள். மே மாதம் குடியரசுத் தலைவர் 143ஆம் உறுப்பின்படி பதினான்கு கேள்விகளை அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்று கருத்துரைத்தது.

ஏப்ரலில் ஒரு தரப்பு கொண்டாடியது, நவம்பரில் மறு தரப்பு. எழுதப்பட்டவற்றிலும் பெரும்பகுதி இந்தத் தட்டிலேயே நின்றுவிட்டது. கருத்துரையை முழுதாகப் படித்தால் வேறு ஒன்று தட்டுப்படும். மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் ஒப்புதலை மட்டும் நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இல்லை என்று அதே அமர்வு சொல்லியிருக்கிறது. விளக்கமின்றி நெடுங்காலம் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறது. எவ்வளவு காலம் நெடுங்காலம்? ஏப்ரல் தீர்ப்பு மாதக் கணக்கில் பதில் சொன்ன கேள்வி இது. நவம்பர் கருத்துரை அதை வழக்குக்கு வழக்கு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஒவ்வொரு மாநில அரசும் மறுபடி படியேற வேண்டியதுதான். நவம்பர் கருத்துரை ஒரு தரப்புக்கு முழு வெற்றி என்று எழுதியவர்கள் இந்தப் பகுதியைத் தொடவே இல்லை.

தமிழில் நிலைமை இன்னும் மெலிவு. உயர் நீதிமன்றத்தின் மொழி 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலம். தமிழையும் வழக்காடு மொழியாக்கக் கோரி 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் பலனில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது இயந்திர உதவியோடு தமிழாகின்றன, ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு வாதம் செய்து எழுதுகிறவர்கள் சிலர்தான். முன்னாள் நீதிபதி கே. சந்துரு போன்றவர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள், தீர்ப்பளித்த அனுபவம் அதில் தெரிகிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் சம்பளம் வாங்கும் சட்டக் கல்லூரி ஆசிரியர்கள் செய்கிறார்கள். தமிழில் அதைச் செய்பவர் பெரும்பாலும் வழக்கறிஞர்தான். காலையில் எந்த நீதிபதியின் முன் வாய்தா கேட்கிறாரோ, மாலையில் அவருடைய தீர்ப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.