தரவு எனும் அடைக்கலப் பொருள்

இணையப் பாதுகாப்பைக் கற்பிக்கும் பாடநூல்கள் பலவற்றில் அறநெறி கடைசி இயலாக நிற்கின்றது. மறைவு காத்தல், திரிபின்மை, வேண்டுங்கால் கிட்டுதல் என மூன்று இலக்கணங்களை முதற்கண் வகுப்பர். பூட்டும் திறவுகோலும் பற்றி விரித்துரைப்பர். ஈற்றில், சட்டத்தை மீறற்க எனச் சொல்லி முடிப்பர். இவ்வைப்புமுறை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2018-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தில் தரவுத் திருட்டு நிகழ்ந்தது. ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி முதலியன களவு போயின. அவர்களுள் சுமார் 160,000 பேர் பெற்ற மருந்துகளின் விவரமும் உடன் சென்றது. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 சனவரியில் வெளிவந்தது. களவாடியோர் திறன் மிக்கவரென்றே அவ்வறிக்கை கூறுகின்றது. ஆயினும் தரவுத்தளப் பணியாளர் ஒருவர் ஜூலை 4-ஆம் நாளே ஐயுற்றுக் களவைத் தடுத்தார். பொறுப்பிலிருந்தோர் சிலரோ உரிய காலத்தில் மேலிடத்துக்கு அறிவித்திலர். அறிவித்தால் ஓயாத வேலைச்சுமை வந்து சேருமே என்ற தயக்கமும் விசாரணையில் வெளிப்பட்டது.

பயிற்சிக் குறையே இதற்குக் காரணம் என்பாரும் உளர். அக்குறை இருந்ததை அறிக்கையே ஒப்புகின்றது. எனினும், அறிவிக்கத் தயங்கும் நெஞ்சத்தை எந்தப் பூட்டு திருத்தும்? தரவைத் தம் நிறுவனத்தின் உடைமையெனக் கருதுவோர் முதலில் தமக்கு வரும் தொல்லையையே எண்ணுவர். நோயாளி தந்த அடைக்கலம் எனக் கருதுவோர் நோயாளிக்கு வரும் தீங்கை எண்ணுவர்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை நமக்குப் புதிதன்று. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கின்றார். அதனால் மாதரிக்கு உரிமை ஏதும் பிறக்கவில்லை, பொறுப்பே பிறந்தது. தரவின் இயல்பும் இதுவேயாம்.

சட்டம் போதாதா எனலாம். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்பான கொடுக்கல் வாங்கலுக்கே உரியது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் தரவுக் கசிவை அறிவிக்கும் கடமையைச் சேர்த்ததேயன்றி அவ்வெல்லையை மாற்றவில்லை. நம் பள்ளிப் பதிவேட்டிலோ பிறப்புப் பத்திர எண், பெற்றோர் வருமானம், பிள்ளையின் நோய் எல்லாம் உள. உதவிநிதி பெறுவோர் பட்டியலை வருமானத்தோடு வாட்ஸ்அப் குழுவில் இடலாகாது என்பதற்கும் சட்டப் பிரிவு தேடிக்கொண்டிருப்போமா? தோட்டத்துப் பெற்றோர் அவ்விவரத்தை உதவி வேண்டித் தந்தனர்; ஊரார் அறியத் தந்திலர்.

ஆதலின் அறநெறி இப்பாடத்தின் முதல் இயலாதல் வேண்டும். தந்தவர் யார், எதன்பொருட்டுத் தந்தார், வெளிப்படின் துன்புறுவோர் யார் என்னும் மூன்று வினாக்களை மாணவர் முதலில் கற்கட்டும். பூட்டும் வகையை அதன்பின் கற்கலாம். அதற்கு முன்னர், பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியராகிய நாம் அவ்வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.