தேய்ந்த கயிறும் தேர்வின் விலையும்: நற்றிணை 284

நற்றிணை 284ஆம் பாடல் பாலைத்திணைக்கு உரியது. பொருள்தேடிச் சென்ற தலைவன், தலைவியிடம் திரும்புவதா, மேற்கொண்ட வினையை முடிப்பதா எனத் தடுமாறுகிறான். இரு களிறுகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் பழங்கயிறு இத்தடுமாற்றத்திற்கு உவமையாகிறது. இவ்வுவமையின் சிறப்பாலேயே புலவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பெயர்பெற்றார்.

இப்பாடலை நெஞ்சுக்கும் அறிவுக்கும் இடையிலான போராட்டமாக மட்டும் காண்பது போதாது. நெஞ்சு அவளது துயர் தீர்க்கப் புறப்படத் தூண்டுகிறது. அறிவோ போகவேண்டாம் எனத் தடுக்கவில்லை. வினையைக் குறையாக விடுதல் இழிவு எனக் காட்டிச் சற்றே பொறுக்கச் சொல்கிறது. சொல்லளவில் மென்மையான இவ்வுரையையும் உவமை களிற்றின் வலிமைக்கு உயர்த்துகிறது. இருபுறமும் களிறே நிற்பதால் எது சரி என்னும் தீர்ப்புக்கு உவமை இடந்தரவில்லை.

கயிறாக நிற்பது தலைவனின் உடம்பு. புதுக்கயிறாயின் உவமை வலிமைப் போட்டியை உணர்த்தியிருக்கும். முன்பே தேய்ந்த கயிறாதலால் அறுபடும் அச்சத்தை உணர்த்துகிறது. எனவே, உவமையின் உயிர் களிறுகளில் இல்லை. கயிற்றுக்குத் தந்த அடையிலேயே உள்ளது. தன் உடம்பு அழிந்துவிடுமோ என்னும் வினாவோடு பாடல் முடிகிறது. தலைவன் எதனைத் தேர்ந்தான் என்பது கூறப்படவில்லை; தேராதிருக்கும் பொழுதெல்லாம் உடம்பே தேய்கிறது என்பது பெறப்படுகிறது.