புரட்சியின் பேச்சும் பெயர்ப்பின் நடையும்: உருசியக் கலையும் கேரள எல்லைத் தமிழும்

புரட்சிக் காலத்துக் கலையை மொழிபெயர்ப்போர் முதலில் தீர்க்க வேண்டிய வினா, அக்கலை யாருடைய பேச்சில் பேசிற்று என்பதாகும். 1897ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி உருசியப் பேரரசில் நூற்றுக்கு 21 பேரே எழுதப் படிக்க அறிந்திருந்தனர். 1917க்குப் பின் எழுந்த கலை இவ்வுண்மையை எதிர்கொண்டே உருவாயிற்று. 1918 சனவரியில் அலெக்சாந்தர் பிளோக் எழுதிய ‘பன்னிருவர்’ என்னும் நெடும்பாடலில் தெருச்சண்டைச் சொல், படைவீரர் பாட்டு, ‘சஸ்தூஷ்கா’ எனப்படும் நாட்டுப்புறக் குறும்பா, அரசியல் முழக்கம் ஆகியன அடுத்தடுத்து ஒலிக்கின்றன. 1919 முதல் மயகோவ்ஸ்கி, ரோஸ்தா செய்தி நிறுவனத்தின் சாளரச் சுவரொட்டிகளுக்குப் படம் வரைந்து இரண்டடிப் பாக்களும் எழுதினார். எழுத்தறியாதார் படத்தைக் கண்டனர். பிறர் படித்துக் காட்டப் பாட்டைக் கேட்டனர். எனவே இக்கலையில் நடை என்பது அணியன்று; கருத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழியே நடையாகும்.

தமிழில் இவ்விலக்கியம் பெரும்பாலும் நூல்வழியே வந்தது. தொ.மு.சி. ரகுநாதன் பெயர்த்த கோர்க்கியின் ‘தாய்’, மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பக வெளியீடுகள், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் பரப்பிய நூல்கள் ஆகியவை தமிழ் வாசகரை உருவாக்கின. இப்பெயர்ப்புகளின் இயல்பை நூற்பெயர்களிலேயே காணலாம். ஒஸ்திரோவ்ஸ்கியின் நாவல் தலைப்புக்கு ‘எஃகு எவ்வாறு பதம் பெற்றது’ என்பது நேர்ப்பொருள். தமிழில் அது ‘வீரம் விளைந்தது’ ஆயிற்று. உலைக்களத்து உருவகம் நீங்கி வயல்வெளி உருவகம் அமைந்தது. மூலம் ‘எவ்வாறு’ என்று நிகழ்முறையைச் சுட்ட, தமிழ் விளைவை மட்டும் சுட்டுகிறது. தமிழ்ச் செவிக்கு இஃது இனிய தலைப்பே. எனினும் தொழிற்கூடத்தின் வெம்மை இதில் இல்லை. போரில் இரு கால்களையும் இழந்து மீண்டும் பறந்த விமானியைப் பற்றிய பரிஸ் பொலெவோயின் கதை ‘உண்மை மனிதனின் கதை’ எனப்பட்டது. மூலச்சொல் ‘மெய்யான, போலியற்ற’ என்னும் பொருளது; ‘உண்மை மனிதன்’ என்பதோ வாய்மையாளன் என்னும் பொருளுக்கும் இடந்தருகிறது. ஆக, பெயர்ப்பு மூலத்தைச் சற்றே உயர்த்தி, அறநூல் நடைக்கு அருகே கொண்டு செல்கிறது எனலாம்.

இதனோடு ஒப்பிடத்தக்க வேறொரு வழி கேரள எல்லையில் காணப்படுகிறது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. இவை இன்று இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தவை. 1957இல் தேவிகுளத்தில் வென்ற பொதுவுடைமைக் கட்சியினரான ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாகவே, 1958இல் இடைத்தேர்தல் நடைபெற்றது. வேட்பாளர் மலையாளி, தோட்டத் தொழிலாளருள் மிகுதியானோர் தமிழர். இவ்விடைவெளியை நிரப்பியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். மக்கள் அறிந்த திரைப்பாடல் மெட்டுகளில் அரசியற் சொற்களை அமைத்துப் பாடுவது அவர்தம் முறை. ரோசம்மா மீண்டும் வென்றார். இப்பாடல்கள் மொழிபெயர்ப்பு அல்ல. ஆயினும் தெரிந்த மெட்டில் புதிய செய்தியை ஏற்றியமையால், உருசியக் குறும்பா ஆற்றிய பணியையே தமிழில் ஆற்றின. அச்சு நூல் சொல்லைப் பெயர்த்தது. மேடைப் பாட்டு பயனைப் பெயர்த்தது.

எல்லையின் மறுமுனையான பாலக்காட்டில் இதற்கு மாறான குரல் எழுந்தது. புரட்சி நாவல் ஒன்றை எழுத எண்ணியிருந்த ஓ.வி. விஜயனை 1956ஆம் ஆண்டு அங்கேரி நிகழ்ச்சிகளும் இம்ரே நாகியின் முடிவும் வேறு திசைக்குத் திருப்பின என்பதை அவரே எழுதியுள்ளார். நாகி தூக்கிலிடப்பட்டது 1958 சூனில். தேவிகுளத் தேர்தல் நடந்ததும் அதே ஆண்டில்தான். 1969இல் நூலான ‘கசாக்கின் இதிகாசம்’ தஸ்ராக் என்னும் சிற்றூரைப் பின்னணியாகக் கொண்டது. அவ்வூர் இராவுத்தர்களின் மலையாளத்தில் தமிழ் கலந்துள்ளது. யூமா வாசுகி தமிழாக்கிய இந்நாவல் பெயர்ப்பாளர்க்கு அரிய சிக்கலொன்றை முன்வைக்கிறது: மூலத்தில் வேற்றுமொழியாக ஒலிக்கும் தமிழ், தமிழ்ப் பெயர்ப்பில் தன் வேற்றுமையை இழந்து மறைந்துவிடும். அக்கலப்பே அவ்வூர் மக்களின் வரலாறு ஆதலின், இவ்விழப்பு சிறிதன்று.

பாட்டே சிறந்தது, நூல் தாழ்ந்தது என்று இதனால் முடிவு கட்டலாகாது. தேர்தலுக்காகக் கட்டிய பாட்டு தேர்தலோடு ஓய்வதும் உண்டு; ஐயத்தையும் இழப்பையும் தாங்கி நிற்க அதனால் பெரும்பாலும் இயலாது. நூலோ சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்த பின்னும் படிக்கப்படுகிறது. ஆயினும் பிளோக்கையோ மயகோவ்ஸ்கியையோ இனித் தமிழாக்குவோர், அகராதியோடு தேவிகுள மலைப்பாதையில் ஒலித்த பாட்டையும் பாடமாகக் கொள்ளல் வேண்டும். தெருவில் பிறந்த கவிதையைத் தெருவே அறியாத தமிழில் தருவது, சொல் பிழையாதபோதும் பிழைபட்ட பெயர்ப்பே ஆகும்.